அவர் ஈயம் பூசிய சஹன்

வெளியார் வீட்டில், வெளியாரோடு ஒரே தட்டில் கைபோட்டு நான் முதன்முதலாகச் சாப்பிட்டது செஞ்சியில்தான். எண்பதுகளின் நடுவில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தங்க அறை தேடி அலைந்தபோது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்காத ஒரே தெரு முஸ்லிம்கள் இருந்த தெருதான். அங்கே ஈயம் பூசும் பாய் வீட்டை ஒட்டியிருந்த அறை எனக்குக் கிடைத்தது.

பாய்க்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பித்தளை, செம்புப் பாத்திரங்களை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரு துடை துடைப்பார். கருத்துக் கிடந்த உள்பக்கம் பளீரென்று வெளுத்துவிடும். எந்தக் கல்யாணமாக இருந்தாலும் பிரியாணி வேகிற பெரிய தேக்சா அவர் கைபட்ட பிறகுதான் அடுப்பேறும். வாய் ஓயாமல் பேசுவார். பேச்சில் பாதி கிண்டல்.

அந்த வருட பக்ரீத்துக்கு அவர் மனைவி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். இலை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு பெரிய வட்டத் தட்டை வைத்தார்கள். அதற்குச் சஹன் என்று பெயர். அந்தக் குடும்பங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து செஞ்சிக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சஹனை மட்டும் விடவில்லை. நான்கைந்து பேர் அதைச் சுற்றி உட்காருவார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். நல்ல கறித்துண்டு எந்தப் பக்கம் கிடந்தாலும் அதை விருந்தாளி பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. கடைசியில் ஒரு பருக்கை இல்லாமல் தட்டை விரலால் வழித்துவிடுவார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா சிஸ்டர், வேடிக்கை பார்க்க வந்தியா? நீ கை வெச்சாதான் நாங்க வெக்க முடியும். சோறு ஆறுது" என்றார் பாயின் மனைவி. பாயின் மகள் தன் பக்கத்திலிருந்த நல்லி எலும்புத் துண்டை என் பக்கம் தள்ளினாள்.

எனக்கு ஏன் கை எழவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவள் நான். எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் நைனாவுக்குக் கொட்டாங்கச்சியில்தான் டீ. குடித்துவிட்டு அவரே கழுவிக் கடைக் கூரையில் செருகிவிட்டு வரவேண்டும். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவளைப் பார்த்து, நீ தொட்டால்தான் நாங்கள் தொடுவோம் என்கிறார்கள். அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டை இன்றுவரை மறக்கவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல்.

இவ்வளவு தெம்பாக இருந்த மனிதர், எண்பதுகளின் கடைசியில் இளைக்க ஆரம்பித்தார். சாயங்காலமானால் காய்ச்சல். கழுத்தில் கட்டிகள். நாக்கிலும் தொண்டையிலும் தயிர் அப்பியது போல வெள்ளைப் படலம். எச்சில் விழுங்கவே முகம் சுளிப்பார். அதற்கு முந்தின வருடம் இடுப்பைச் சுற்றி அக்கி வந்து, பானை செய்கிறவரிடம் போய்க் காவிக்கல்லில் சிங்கம் வரைந்துகொண்டு வந்திருந்தார். அக்கி எழுதினால் தீரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தீர்ந்தும் போனது. அதையெல்லாம் யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

எங்கள் டாக்டர் சேர்த்துப் பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர். நோயாளி தும்மினால் அவர் மன்னிப்புக் கேட்பார். இந்தப் புது நோயைப் பற்றி மெட்ராஸில் நடந்த ஒரு வகுப்புக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். பாயின் ரத்தத்தை எடுக்கச் சொன்னார். கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுத்தேன். எனக்கும் பயம்தான், அதில் என்ன வெட்கம்? ரத்தம் மெட்ராஸுக்குப் போனது. கழுத்துக் கட்டியில் ஊசி விட்டு எடுத்ததும் போனது. முடிவுகள் வந்ததும் பாயை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பாய், உங்க ரத்தத்துல ஒரு கிருமி இருக்குது. ஹெச்.ஐ.வி.ன்னு பேரு."

"பேப்பர்ல போடறானே, எய்ட்ஸு. அதுவா சார்?"

"இது கிருமி. இந்தக் கிருமி பல வருஷம் சத்தமில்லாம உள்ளயே இருந்து, உடம்போட எதிர்ப்பு சக்தியைக் காலி பண்ணுது. அப்பறம் கண்ட நோயும் உள்ள வருது. அந்த நிலைமைக்குத்தான் எய்ட்ஸுன்னு பேரு. நீங்க அதோட வாசல்ல நிக்கிறீங்க."

டாக்டர்தான் பேசிக்கொண்டே போனார். உடம்பு ஒரு கோட்டை என்று ஆரம்பித்தார். செஞ்சிக் கோட்டை அடியில் வைத்தியம் பார்க்கிறவர் வேறு எதைச் சொல்வார்? ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் சிப்பாய்களாம். இந்தக் கிருமி சிப்பாய்களை விட்டுவிட்டு, அவர்களுக்கு ஆணை கொடுக்கும் தளபதிகளைத் தேடிப் பிடிக்குமாம். தளபதிகள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டே வந்தால், எதிரி சுவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சிப்பாய்கள் சும்மா நிற்பார்களாம்.

"கோட்டைன்னா ஒரு ராஜா போனா இன்னொரு ராஜா வந்து உக்காருவான் சார். எனக்கு வேற உடம்பு யாரு குடுப்பாங்க?" என்றார் பாய்.

அந்த நிலைமையிலும் அவருக்குக் கிண்டல் வந்தது. டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தக் கிருமிக்கு நம்ம ஊர்ல மருந்து கிடையாது பாய். பொய் சொல்ல மாட்டேன். ஆனா கழுத்துல இருக்கிறது டி.பி. அதுக்கு மருந்து இருக்குது. வாயில இருக்கிறது காளான். அதுக்கும் இருக்குது. பெரிய திருடனை வெளியே தள்ள முடியலன்னாலும் அவன் பின்னாடியே வந்த திருடனுங்களைத் தள்ளலாம். நீங்க மாத்திரையை விடாம போடணும்" என்றார்.

அவர் மனைவிக்கும் ரத்தப் பரிசோதனை செய்தோம். இல்லை என்று வந்தது. பிறகு மறுபடி பார்த்தபோதும் இல்லை. இனி கணவனும் மனைவியும் எப்படி இருக்க வேண்டும் என்பதை டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். நிரோத் ஆணுறை பாக்கெட்டைக் கையில் கொடுத்தது நான்தான். எப்படி வந்தது என்று பாயிடம் நான் கேட்கவில்லை. மலேரியா வந்தவரிடம் எந்தக் கொசு கடித்தது என்று விசாரித்துவிட்டா மருந்து கொடுக்கிறோம்?

பாய் ஒரே ஒரு ஆளிடம் சொன்னார், தன் மச்சானிடம். மச்சான் தன் மனைவியிடம் மட்டும் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் செஞ்சி கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாயைப் பார்த்ததும் ஷேவிங் கடைக்காரர், கடையில் கூட்டமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். பள்ளிவாசலில் பாய்க்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நின்றார்கள். பூசுவதற்குப் புதிதாக யாரும் பாத்திரம் கொடுக்கவில்லை, ஏற்கெனவே கொடுத்திருந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். நெருப்பில் காய்ச்சியதில் கிருமி நிற்காதாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் தனக்கு வேண்டிய பாத்திரம் மட்டும் பேயாகத் தெரிவதில்லை.

ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய்க்குத் தூரத்துச் சொந்தம்தான். கடைக்கு வெளியே சுவர் விளிம்பில் ஒரு கிளாஸ் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. அடியில் சிவப்புப் பெயிண்ட்.

"அது இன்னா கிளாஸு?"

"அது பாய்க்கு சிஸ்டர். நாலு பேரு வந்து போற எடம். யாவாரம் நடக்கணுமில்ல."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அந்த கிளாஸைப் பார்த்தால் எனக்குக் கிளாஸ் தெரியவில்லை. கூரையில் செருகிய கொட்டாங்கச்சிதான் தெரிந்தது.

"எனக்கு அதுலயே டீ போடுங்க" என்றேன்.

"வேணாம் சிஸ்டர், உனக்கு எதுக்கு?"

"எங்க நைனா ஆயுசுக்கும் கொட்டாங்கச்சியில குடிச்சாரு. எங்க பரம்பரைக்குத் தனி கிளாஸு புதுசு இல்ல. போடுங்க."

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த கிளாஸில் வாங்கி, நடுக்கடையில் நின்று, சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தேன். அப்போது பாயே வந்து சேர்ந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், அது என் கிளாஸாச்சே. இப்ப நான் இன்னாத்துல குடிக்கிறது?" என்றார்.

"கடையில எத்தனையோ இருக்குது. ஒண்ணுல குடிங்க பாய்."

கடைக்காரர் சளைத்தவரா? மறுநாள் போனால் சிவப்புப் பெயிண்ட் அடித்த கிளாஸ் இரண்டு இருந்தது. ஒன்று பாய்க்கு, இன்னொன்று எனக்கு. நாங்கள் இரண்டு பேரும் தினமும் ஒன்றாக நின்று அதில் குடித்தோம். பாய் சில நாள் என் கிளாஸோடு தன் கிளாஸை மோதி, "இன்னா சிஸ்டர், நம்ம சாதி பெருசாயிட்டே போவுது" என்பார்.

இதெல்லாம் எங்கள் இருவருக்கும் விளையாட்டு. உண்மையான அடி வேறு இடத்திலிருந்து வந்தது. பாயின் மகளுக்கு அவலூர்பேட்டை இரும்புக்கடைக்காரரின் மகனோடு நிச்சயமாகியிருந்தது. நோன்பு முடிந்ததும் நிக்காஹ். அவலூர்பேட்டையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: கல்யாணத்தை நிறுத்தவில்லை, பேசியது பேசியதுதான்; ஆனால் பெண்ணின் அத்தா, அதாவது பாய், சஹனில் உட்காரக் கூடாது.

அது என்ன பெரிய விஷயம் என்று வெளியில் இருக்கிறவர்களுக்குத் தோன்றும். அந்தக் குடும்பங்களில் கல்யாணச் சாப்பாட்டில் சம்பந்திகள் இருவரும் ஒரே சஹனில் எதிரெதிரே உட்காருவார்கள். முதலில் அவர்கள் இருவரும் கை வைப்பார்கள். அதன் பிறகுதான் பந்தலில் மற்ற சஹன்களில் கை விழும். நிக்காஹ் நடந்தால் மாப்பிள்ளை பெண்ணுக்குச் சொந்தம். சஹனில் உட்கார்ந்தால்தான் வீடு வீட்டுக்குச் சொந்தம். அந்த இடத்தில் பாய்க்குப் பதிலாக மச்சானை உட்காரச் சொன்னார்கள்.

பாய் உடனே சரி என்றுவிட்டார். மகள்தான் சரி என்று சொல்லவில்லை. "அத்தா உக்காராத சஹன்ல கட்டிக்கிறவரும் உக்கார வேணாம். எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பாய் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ சொன்னா கேப்பா சிஸ்டர். சோறு நான் எங்க உக்காந்து தின்னா இன்னா? இது நின்னுச்சின்னா, அத்தாவோட சீக்குல நின்ன கல்யாணம்னு ஆயுசுக்கும் அவ தலையில எழுதிடுவாங்க. எனக்கு அது மட்டும் வேணாம்."

அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அவர் அழுதார். நான் மகளிடம் போய்ப் பேசினேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து என்னென்னவோ சொன்னேன். கடைசியில் திறந்தாள். "நிக்காஹ் நடக்கட்டும் அக்கா. ஆனா அத்தா சாப்பிடலன்னா நானும் அன்னிக்கு ஒரு வாய் சாப்பிட மாட்டேன்" என்றாள். அதற்கு மேல் அவளிடம் நான் வாதாடவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நான் பந்தலையே பிரித்திருப்பேன்.

நல்லதும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. டி.பி. மாத்திரை வேலை செய்தது. முதலில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. பிறகு கழுத்துக் கட்டிகள் கரைய ஆரம்பித்தன. வாய்க்கு ஊதா மருந்து தடவினோம். நாவல்பழம் தின்ற வாய் மாதிரி உதடெல்லாம் ஊதாவாக இருக்கும், தெருப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவரும் நாக்கை நீட்டிக் காட்டுவார். காளான் போனதும் சாப்பாடு இறங்கியது. சாப்பாடு இறங்கியதும் கன்னம் நிரம்பியது. எடை பார்க்கும் மிஷினில் அவர் ஏறும்போதெல்லாம் டாக்டரும் நானும் குனிந்து முள்ளைப் பார்ப்போம். முள் நகர்ந்திருந்தால் டாக்டர் ஒன்றும் சொல்லாமல் போய் ஜன்னலைத் திறந்துவைப்பார். அதுதான் அவருடைய கொண்டாட்டம். டி.பி. கழுத்து நெறிக்கட்டியில்தான் இருந்தது. நெஞ்சில் இல்லை, சளியில் இல்லை. அது மூச்சில்கூடப் பரவாத டி.பி. தெருவில் இதை நான் சொல்லாத வீடு இல்லை.

உடம்பில் தெம்பு வந்ததும் பாய் ஒரு வேலை செய்தார். கல்யாணத்துக்கு வேண்டிய சஹன்களை ஜமாத்திலிருந்து எடுத்துவந்து, அத்தனைக்கும் தானே ஈயம் பூசினார். மனைவி துருத்தி ஊத, அவர் நெருப்பின் முன்னால் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். "உக்காரத்தான் கூடாதுன்னாங்க. பூசக் கூடாதுன்னு சொல்லலியே" என்றார் என்னிடம்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு இரும்புக்கடைக்காரரே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏதோ பேச்சுவார்த்தைக்காகச் செஞ்சி வந்த இடத்தில் இடுப்பு வலி. டாக்டர் மாத்திரை போதும் என்றார். அவர் ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார். எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் ஊசி போடாத வைத்தியத்தை யாரும் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டாக்டர் தோற்றுப்போய் ஒரு சத்து ஊசி எழுதினார். நான் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் ஸ்டெரிலைசரில் போட்டேன். அன்று கரண்ட் வேறு விட்டு விட்டு வந்தது.

"இன்னாம்மா இவ்ளோ நேரம்? பஸ்ஸு போயிடும்" என்றார்.

"ஊசி கொதிக்கணும்."

"எங்க சந்தைக்கு ஒருத்தரு வருவாரு. ஒரே ஊசிய வெச்சி வரிசையா போட்டுட்டே போவாரு. ஸ்பிரிட்டு பஞ்சுல ஒரு தொடை. அவ்ளோதான் வேலை."

"நீங்களும் அந்த வரிசையில நின்னிருக்கீங்களா?"

"வலி வந்தா அவருதான். பல வருஷமா."

இடுக்கியைக் கீழே வைத்தேன். "பாய் வீட்டுக்குச் சம்பந்தி நீங்கதானே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, சிவப்பு கிளாஸுல டீ குடிக்கிற நர்ஸம்மா நீதானா? சரி, கேக்கறேன், சொல்லு. எச்சில்ல ஒட்டாதா அது?"

"ஒட்டாது. அதுக்கு ரத்தம் வேணும். ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்தா போகும். தாய்கிட்டருந்து பிள்ளைக்குப் போகும். அந்த ரத்தத்தை ஏத்தினா போகும். அந்த ரத்தம் பட்ட ஊசியில போகும். சோத்துல போகாது, தொட்டா போகாது, கொசு கடிச்சாலும் போகாது. வெளிய வந்தா நிக்கத் தெரியாத சோப்ளாங்கி அது."

"சோப்ளாங்கிதான் ஆளையே உருக்கிடுச்சா?"

"உள்ள போனா கதை வேற. காக்கா கூட்டுல குயில் முட்டை வெக்குதில்ல? காக்கா அது தன் முட்டைன்னு நெனச்சி அடைகாக்குது. அப்படித்தான் இதுவும். நம்மைக் காப்பாத்தற அணுவுக்குள்ள போய் உக்காந்துக்கும். அந்த அணு கிருமியைக் கொல்றதை விட்டுட்டு, கிருமியோட குஞ்சுங்களைப் பொரிச்சிக் குடுத்துட்டுச் செத்துப்போவும். இது பல வருஷம் நடக்கும். ஆளு பாக்க நல்லாத்தான் இருப்பாரு. ஓடுவாரு, ஆடுவாரு, கடை நடத்துவாரு. அவருக்கே தெரியாது."

கடை என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. நான் விடவில்லை. எனக்கு நிறுத்தத் தெரியாது.

"அந்தச் சந்தைக்காரரு ஊசி உங்களுக்கு முன்னாடி யாரு கையில ஏறுச்சின்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. உங்க உடம்புல இப்ப அது இருக்குதா இல்லியான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்காக உங்களை யாராச்சும் தனியா உக்கார வெச்சி சோறு போட்டாங்களா? வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, சட்டியில இருக்கிற சோத்தைப் பார்த்து பயப்படறீங்களே, நியாயமா?"

அறை வாசலில் டாக்டர் நின்றிருந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் தொண்டையைக் கனைத்துவிட்டு, "சிஸ்டர் சொன்னதுல தப்பு எதுவும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட மிகத் துணிச்சலான பேச்சு அதுதான்.

இரும்புக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். ஊசி போட்டேன். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, "கொதிக்க வெச்ச ஊசிதானே?" என்றார்.

"நீங்கதானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவலூர்பேட்டையிலிருந்து எந்தச் சொல்லும் வரவில்லை. போட்ட நிபந்தனை போட்டபடியே இருந்தது. கல்யாண நாள் வந்துவிட்டது. காலையில் நிக்காஹ் முடிந்தது. பகல் சாப்பாட்டுக்குத் தெருவில் போட்ட பந்தலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் வீட்டுக்குள். நான் ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் பந்தலில் இல்லை. தெருக்கோடியில் அடுப்புப் பக்கமாகத் தேக்சாவின் மூடியைத் திறந்து, சோறு அள்ளிப்போடும் வேலையில் இருந்தார்.

சம்பந்திச் சஹன் வந்தது. ஒரு பக்கம் இரும்புக்கடைக்காரர் உட்கார்ந்தார். எதிரில், அவர்கள் கேட்டபடியே, மச்சான். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. எல்லாச் சஹன்களிலும் ஆட்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இரும்புக்கடைக்காரர் கையை எடுக்கவே இல்லை.

"ஆறுது, கை வைங்க" என்றான் மச்சான்.

"சம்பந்தி வரலியே."

"நான்தான் இருக்கேனே."

"நீ பொண்ணுக்கு மாமன். எனக்குச் சம்பந்தி அவரு. அவரைக் கூப்புடு."

யாரோ ஓடிப்போய்ப் பாயை அழைத்துவந்தார்கள். அகப்பையோடு வந்து நின்றார். வேர்த்திருந்தது. "வேணாங்க. எல்லாரும் சாப்பிடட்டும். நான் அப்பறமா சாப்பிட்டுக்கறேன்" என்றார்.

"நீங்க உக்காந்தாதான் நான் கை வெக்க முடியும். நான் வெச்சாதான் இவ்ளோ பேரும் சாப்பிட முடியும். எனக்குப் பசிக்குது சம்பந்தி, உக்காருங்க."

மச்சான் எழுந்துகொண்டான். பாய் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர, கையை மடியிலேயே வைத்திருந்தார். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்ரீத் நாளில் அது என் கையாக இருந்தது. இரும்புக்கடைக்காரர் சோற்றைக் கிளறிப் பெரிய கறித்துண்டாகப் பார்த்து எடுத்து, பாய் பக்கம் தள்ளினார். பெண் வீட்டார்தான் அப்படித் தள்ள வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தள்ளி யாரும் பார்த்ததில்லை. பாய் அதைத் திருப்பித் தள்ளினார். அவர் மறுபடி தள்ளினார். அந்தத் துண்டு இரண்டு தடவை போய் வந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாய் அதைப் பிட்டுப் பாதியை அவர் பக்கம் வைத்துவிட்டு, மீதியை வாயில் போட்டுக்கொண்டார். இரும்புக்கடைக்காரர் தன் பாதியை எடுத்துச் சாப்பிட்டார். சுற்றிலும் பார்த்து, "அஞ்சு பேர் சஹனுப்பா இது. ரெண்டு பேரா தின்னு முடிக்க முடியுமா? வாங்க" என்றார்.

முதலில் மச்சான் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு பாயின் தோளை உரசி உட்கார்ந்தான். அடுத்து வந்தவர் டீக்கடைக்காரர். மறுநாள் அவர் கடையில் சிவப்பு கிளாஸ் இரண்டும் இல்லை. நானும் எங்கே என்று கேட்கவில்லை. பிறகு இன்னொருவர், அதற்கு மேல் ஒருவர். கடைசியாக வந்தவருக்கு உட்கார இடமில்லாமல் வேறு சஹனுக்கு அனுப்பினார்கள்.

"அக்கா, அத்தா சாப்பிடறாரா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மணப்பெண். அவள் ஜன்னலுக்கு வரக்கூடாது.

"சாப்பிடறாரு. உனக்கு மிச்சம் வெப்பாரான்னு தெரியல" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவள் தன் முன்னால் இருந்த சஹனில் கையை வைத்து ஒரு பெரிய கவளமாக உருட்டினாள்.

அந்தக் கிருமி பாயை விட்டுப் போகவில்லை. அப்போது எங்களிடம் அதற்கு மருந்தே இல்லை. ஆனாலும் அவர் அதற்குப் பிறகு சில வருடம் இருந்தார், பட்டறை நடத்தினார், பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார். அவர் காலமான பிறகு, உடம்பு எப்படி நோய்க்குத் தோற்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் தளபதி, காக்கா, குயில் எல்லாம் சொல்வேன். மனிதர் எப்படித் தோற்காமல் இருந்தார் என்று கேட்டால் அந்தப் பந்தலைத்தான் சொல்வேன்.

அன்றைக்குப் பந்தலில் சாப்பாடு முடிந்தது. வழக்கப்படி ஐந்து பேரும் தட்டை விரலால் வழித்தார்கள். சோறு விலக விலக, பாய் நெருப்பின் முன்னால் உட்கார்ந்து பூசிய ஈயம் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது பளபளவென்று இருந்தது. இரும்புக்கடைக்காரர் கடைசிப் பருக்கையை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தத் தட்டை ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

"ஈயம் நல்லா பூசியிருக்கீங்க சம்பந்தி" என்றார்.